88 கோயில், 1,200 கிலோமீட்டர், கூட யாரும் வரலையா?

ஜப்பானில் ஒரு தீவைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில் யாரும் "ஏன் நடந்தே?" என்று கேட்பதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நடை புதுசில்லை. ஆகஸ்டு கடைசியில் காவி கட்டிக்கொண்டு, மாதா சொரூபம் வைத்த சின்னச் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு, வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திருப்பதிக் குடை யானைகவுனி தாண்டுவதைப் பார்க்கப் போகாத வீடு குறைவு; குடைக்குப் பின்னாலேயே திருமலை வரை போய்விடுகிற ஆட்களும் உண்டு. ஆடி வந்தால் திருத்தணி, தை வந்தால் பழனி. அதனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கூட யார் வந்தாங்க?" யாரும் வரவில்லை என்றதும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு நொடி நிற்பார்கள்.

நியாயம்தான். நம் ஊரில் பாதயாத்திரை என்றால் கூட்டம். முன்னால் டெம்போ, அதில் ஜெனரேட்டர், ட்யூப்லைட், மைக் செட், பின்னால் ஒரு வண்டியில் சாத அண்டா, எல்லாருக்கும் மேலே ஒரு குருசாமி. எங்கே படுப்பது, எத்தனை மணிக்கு எழுவது, கால் வீங்கினவரை எந்த ஊரில் பஸ் ஏற்றி விடுவது என்பதெல்லாம் அவர் தலைவலி. நடக்கிறவருக்கு வேலை நடப்பது மட்டும். நானும் அப்படி நடந்தவள்தான். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மைக் செட் இல்லாமல் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளியும் கொஞ்சம் சேமிப்பும் ஒன்றாக வாய்த்தபோது கிளம்பிவிட்டேன். இதற்கு மேல் காரணம் தேடாதீர்கள், பெரிய துக்கம் எதுவும் என்னைத் துரத்தவில்லை.

ஷிகோகு, ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் ஆகச் சிறியது. அதைச் சுற்றி 88 புத்தக் கோயில்கள். எல்லாவற்றையும் இணைக்கும் பாதை ஏறத்தாழ 1,200 கி.மீ. நடப்பவர்கள் பொதுவாக 40 முதல் 60 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பஸ்ஸிலோ காரிலோ போய்விடுகிறார்கள். மொத்தப் பாதையும் கூகாய் என்ற துறவியின் பேரில் நிற்கிறது. 774-ல் அந்தத் தீவில் பிறந்தவர், 835-ல் மறைந்தவர். கோபோ தைஷி என்று கும்பிடுகிறார்கள். 804-ல் சீனா போய் ஹுய்குவோ என்ற குருவிடம் தீட்சை வாங்கித் திரும்பினார். அந்த ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர், அவருடைய குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா போனவர். காஞ்சியில் பல்லவ அரசரிடம் இருந்தவர் என்று பழைய சீனக் குறிப்புகள் சொல்கின்றன. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம காஞ்சிபுரத்துக்கே போயிருக்கலாமே, டிக்கெட்டு மிச்சம்" என்றாள்.

பயிற்சிக்கு ஞாயிறு காலையில் முதுகுப் பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் நடப்பேன். ஒரு பக்கம் கடலை மறிக்கக் கொட்டிய பாறைகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. நடக்கிறது கஷ்டமில்லை, பதில் சொல்கிறதுதான் கஷ்டம். ஷேர் ஆட்டோக்காரர் ஒவ்வொருவரும் நிறுத்தி, "இன்னாம்மா, டோல்கேட்டா? ஏறு" என்பார். வேண்டாம் என்றால் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவளைப் பார்க்கிற பார்வை. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டி, "போன் பண்ணணுமா தங்கச்சி?" என்றே கேட்டுவிட்டார். சிவப்பு சேலையோ மஞ்சள் சேலையோ கட்டியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் ஊரில் உடுப்பு இல்லாமல் தனியாக நடக்கிற பெண் ஏதோ பிரச்சினையில் இருப்பவள்.

விசா விண்ணப்பத்தோடு, எந்தத் தேதியில் எங்கே தங்குவேன் என்று நாள் வாரியாக ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். கால் சொல்கிற இடத்தில் படுக்கப் போகிறவளிடம் அட்டவணை! கணக்கு எழுதிப் பழகின கை என்பதால் அழகாகக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஒசாகா விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் கடல் பாலங்களைத் தாண்டி தோகுஷிமா. முதல் கோயிலான ரியோசென்ஜியில் ஒரு கடை இருக்கிறது. நடையாளருக்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கிடைக்கும். வெள்ளை மேலங்கி, கூம்புத் தொப்பி, கைத்தடி, ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை வாங்கும் நோட்டு. வெள்ளை அங்கி பழைய காலத்தில் பிணத்துக்குப் போர்த்துகிற துணியும்கூட. வழியில் செத்தால் அப்படியே புதைத்து, கைத்தடியை மேலே நட்டுவிடுவார்களாம். பாதையோரம் பாசி பிடித்த பழைய கல்லறைகளை அதற்கப்புறம் நிறையப் பார்த்தேன். தடி என்பது கூகாயே உடன் வருவதாக அர்த்தம். தொப்பியிலும் 'இருவர் சேர்ந்து போகிறோம்' என்றே எழுதியிருக்கும். அதனால் தடிக்கு மரியாதை உண்டு: தங்குமிடம் போனதும் நம் காலைக் கழுவுவதற்கு முன்னால் தடியின் அடியைக் கழுவ வேண்டும், பாலத்தின் மேல் தடியை ஊன்றக் கூடாது. ஒரு ராத்திரி தங்க இடம் கிடைக்காமல் கூகாய் பாலத்தடியில் படுத்தாராம், இன்னும் அங்கே தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிவிடக் கூடாது என்று. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேசின் பிரிட்ஜில் இந்த வழக்கம் இருந்தால் கீழே படுத்திருப்பவர்களுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்த வெள்ளை அங்கியைப் போட்ட நிமிஷத்திலிருந்து யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எண்ணூர் ரோட்டில் பதில் சொல்லியே அலுத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

முதல் பத்துக் கோயில்கள் யோஷினோ ஆற்றுச் சமவெளியில் பக்கம் பக்கமாக வருகின்றன. பத்தாவதுக்கு 333 படி. சரி, இவ்வளவுதானா என்று நினைக்கும்போது பதினொன்றிலிருந்து பன்னிரண்டாவதான ஷோசான்ஜிக்குப் போகும் மலைப்பாதை வருகிறது. சுமார் 13 கி.மீ., கடையே கிடையாது, ஏறி இறங்கி மறுபடி ஏற்றம். நடையாளரை உருட்டிவிடுகிற இடம் என்றே அதற்குப் பெயர். பாதி வழியில் படிக்கட்டு ஏறித் தலையைத் தூக்கினால் ஒரு பெரிய கிழட்டு மரத்தின் முன்னால் கூகாய் சிலை நிற்கிறது. அங்கே உட்கார்ந்து, முந்தின நாள் கடையில் வாங்கின சோற்று உருண்டையைத் தின்றேன். உள்ளே புளிப்பாக ஊறுகாய்ப் பழம் வைத்திருந்தார்கள். தயிர் மட்டும் இருந்திருந்தால்.

தனியாக நடப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் மௌனம், தன்னைத் தேடுதல், உள்ளொளி என்று எழுதுகிறார்கள். எனக்கு வாய்த்தது பெரும்பாலும் நிர்வாகம். கோயில் அலுவலகம் மாலை 5 மணிக்குச் சாத்தப்படும், 5.05-க்குப் போனால் முத்திரை நாளைக்குத்தான், அதாவது ராத்திரி அதே ஊரில் தங்க வேண்டும். ஒரு முத்திரை 500 யென், 88 கோயிலுக்கு 44,000 யென். சிறப்பு தரிசன டிக்கெட்டைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கொடுத்த காசுக்குக் கண்ணெதிரே ஒருவர் உட்கார்ந்து தூரிகையால் எழுதி, மூன்று சிவப்பு முத்திரை வைத்துத் தருவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு தரிசனம். அப்புறம் மழை, துவைத்த சாக்ஸ், கொப்புளம், அடுத்த ஊரில் இடம் இருக்கிறதா என்ற கவலை. உள்ளொளிக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை.

முகம் தெரியாதவர்கள் நடையாளரை வழியெல்லாம் தாங்குகிறார்கள் என்பதை இந்தத் தங்கும் விஷயத்தில்தான் நான் முதலில் கவனித்தேன். பாதையோரச் சின்ன விடுதிகளில் பலவற்றுக்குப் போனில்தான் சொல்லி வைக்க வேண்டும், அதுவும் ஜப்பானிய மொழியில். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 7,000 முதல் 9,000 யென் வாங்குவார்கள். எனக்குத் தெரிந்த ஜப்பானியம் நன்றி சொல்ல மட்டும் போதும். ஆனால் நான் ஒரு போனும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் விடுதிக்கார அம்மா வரைபடத்தை விரித்து, நாளைக்கு எங்கே என்று விரலால் கேட்பார். நான் ஓர் இடத்தைத் தொடுவேன். அவர் என் காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, நாலு கிலோமீட்டர் முன்னாடியே இன்னொரு இடத்தைத் தொட்டு, அங்கே போன் போட்டு, இந்தியாவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், மாட்டிறைச்சி வேண்டாம், மீன் சாப்பிடுவாள், இடது கால் கொஞ்சம் சரியில்லை என்று மொத்த ஜாதகத்தையும் சொல்லிவிடுவார். மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் அந்த அம்மா வாசலிலேயே இடது காலைப் பார்ப்பார். தீவு முழுக்க இப்படிக் கை மாற்றிக் கை மாற்றியே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குருசாமி இல்லை என்று கிளம்பினவளுக்கு ஊருக்கு ஒரு குருசாமி.

இருபத்துமூன்றாவது கோயிலுக்கும் இருபத்துநான்காவதுக்கும் நடுவில் 75 கி.மீ. சொச்சம். கோயிலே இல்லை, கடற்கரை ரோடுதான், முரோதோ முனை வரை. இடது கைப்பக்கம் பசிபிக். ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் வலை காயப் போட்டிருந்த வாசனை வந்ததும் எனக்குக் காசிமேடு நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. அந்த ரோட்டில்தான் சுமைவண்டி மாதிரி ஒரு குட்டி வேன் என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு பாட்டி இறங்கி, ஒரு பை நிறையச் சின்ன ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். ஒசெத்தாய் என்பார்கள், நடையாளருக்கு உள்ளூர்க்காரர் எதையாவது கொடுப்பது, அதை மறுக்கக் கூடாது என்பது வழக்கம். பழம் சரி. அப்புறம் பர்ஸைத் திறந்து 500 யென் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். மூடிவிட்டு அவரே கைகூப்பித் தலை குனிந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. முகம் தெரியாதவரிடம் கையில் காசு வாங்குவதா? எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது என்று வளர்த்தார்கள். எங்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட்டு நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றியிருக்கிறேனே தவிர, டம்ளருக்கு அந்தப் பக்கம் நின்றதில்லை. ஆனாலும் மறுக்கக் கூடாது என்பதால் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொடுக்க வேண்டிய பெயர்ச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒசாமேஃபுதா என்று வெள்ளைக் காகிதத் துண்டு. கோயிலில் போடுவதும் அதுதான், கொடுத்தவருக்குத் தருவதும் அதுதான். கணக்குக்காரியின் கண்ணுக்கு அது ரசீது. பாட்டி இரண்டு கையாலும் வாங்கி வண்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன், இப்படிப் பிச்சை எடுத்துட்டேன்மா என்று. அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உன்கிட்ட யார்டி குடுத்தாங்க? உண்டியல்ல போடச் சொல்லிக் குடுத்திருக்குது அந்தம்மா. அதால நடக்க முடியல, நீ நடக்கறே. போட்டுட்டு அதுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடு, இதுல இன்னா வெக்கம்?"

அவ்வளவுதான். திருப்பதிக்கு ஒருவர் கிளம்பினால் தெருவில் நாலு வீட்டிலாவது மஞ்சள் துணியில் முடிந்த காசு வந்துவிடும், எங்களுக்காகவும் போட்டுடு என்று. அதை வாங்குகிறவர் கூச்சப்படுவதில்லை, அவர் தபால்காரர். ஒசெத்தாய் கொடுப்பதற்கு அங்கே சொல்கிற காரணங்களில் ஒன்றும் இதுதான்: நடையாளர் கையில் கொடுத்தால் அது கூகாய்க்குப் போகிறது, கொடுத்தவரும் கொஞ்சம் நடந்த கணக்கு. பசிபிக் கரையில் எனக்குப் புரியாதது வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. அந்த நாணயத்தை முரோதோ முனைக் கோயிலில் போட்டேன். அதற்கப்புறம் மோர் மாதிரி எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்கக் கற்றுக்கொண்டேன்: சூடான பார்லி டீ, வேகவைத்த சர்க்கரைவள்ளி, ஒரு தடவை காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

வழியிலிருப்பவர்கள் இப்படித் தாங்குவதைப் பார்க்கத் தொடங்கியபிறகு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. பாதைக்கு வழி காட்டும் கல்தூண்களை நட்டவர்களில் ஒருவர் ஷின்னென் என்ற துறவி. 1687-ல் நடையாளருக்கான கையேட்டையும் எழுதி அச்சிட்டார். இன்னொருவர் நகாத்சுகாசா மொஹெய். 1866-ல் நடக்க ஆரம்பித்து 1922-ல் சாகும்வரை 280 சுற்று நடந்தவர், போகிற வழியில் இருநூறுக்கும் மேல் கல் நட்டவர். அவர் கல்லில் விரல் நீட்டிய கை செதுக்கியிருக்கும், இந்தப் பக்கம் போ என்று. இப்போது தன்னார்வலர்கள் மின்கம்பத்தில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறியும் உண்டு. தீவின் தெற்கே கோச்சி மாவட்டத்தில் நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்குள் லாரிகளோடு நடக்க வேண்டும், ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். சில சுரங்கங்களின் வாயிலில் ஒரு பெட்டி, அதற்குள் வெளிச்சம் பட்டால் மினுங்கும், தோளில் மாட்டுகிற பட்டை. எடுத்து மாட்டிக்கொண்டு நடந்து, அந்தக் கோடியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். யாரும் காவல் இல்லை. கடலோர ஊர்களில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறாய், சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கம்பத்துக்குக் கம்பம் எழுதியிருக்கிறது. குரோஷியோ என்ற ஊரில் 34 மீட்டர் வரை அலை வரக்கூடும் என்று 2012-ல் அரசாங்கமே கணக்குச் சொன்னதாம். அங்கே ஏறித் தப்பிக்க மாடி மாடியாகக் கோபுரங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலையில் காசிமேட்டில் தண்ணீர் ஏறியபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடின குடும்பம் எங்களுடையது. ஒரு கம்பத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வெளியூர்க்காரி ஒருத்தி நடந்து வருவாள் என்று அவளுக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

நம் ஊரில் கூட்டம் நம்மோடு நடக்கிறது. அங்கே கூட்டம் வழியெல்லாம் உட்கார்ந்திருக்கிறது, சிலர் செத்தும் போய்விட்டார்கள். தனியாக நடந்தேன் என்று நான் சொல்வது பாதி உண்மைதான்.

தகாமுரே இத்சுஏ என்ற பெண்ணைப் பற்றி ஒரு விடுதியில் சொன்னார்கள். 1918-ல், 24 வயதில், கல்யாணமாகாத பெண் தனியாக இந்தப் பாதைக்குக் கிளம்பி, வழியிலிருந்தே செய்தித்தாளுக்குத் தொடராக எழுதி ஜப்பானையே பேசவைத்தவர். பின்னாளில் பெண்கள் வரலாற்றை எழுதிய பெரிய ஆள். கிளம்பின கொஞ்ச நாளிலேயே, தங்க இடம் கொடுத்த எழுபது தாண்டிய கிழவர் ஒருவர் "நானும் வருகிறேன்" என்று ஒட்டிக்கொண்டு கடைசி வரை கூடவே நடந்தாராம். கேட்டதும் சிரித்துவிட்டேன். எந்த ஊரிலும் விடமாட்டார்கள் போல.

தனிமையே இல்லை என்று சொல்லவில்லை. ஆஷிசூரி முனைக்குப் போகிற வழியில் தொடர்ந்து மழை, ஆளே இல்லை, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் ஒசாகாவுக்கும் தோக்கியோவுக்கும் போய்விட்ட ஊர்கள். பேச ஆளில்லாமல் நான் தமிழில் தடியோடு பேச ஆரம்பித்தேன், பேச்சு என்றால் பெரும்பாலும் வசவு. பொதுக் குளியலறை கதை தனி. முன்பின் தெரியாத பெண்களோடு துணியில்லாமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்வதற்கு முதல் நாள் செத்துப் பிழைத்தேன், அப்புறம் அதற்காகவே சீக்கிரம் நடக்க ஆரம்பித்தேன். எஹிமேயில் ஆரஞ்சுத் தோட்டம், ககாவாவில் உதோன் நூடுல்ஸ், எல்லாம் வேகமாகப் போய்விட்டன.

எண்பத்தெட்டாவதான ஓகுபோஜியில் நிறையப் பேர் கைத்தடியைக் காணிக்கையாக விட்டுவிட்டுப் போகிறார்கள். நான் விடவில்லை. விமானத்தில் கைப்பையோடு விடமாட்டார்கள் என்பதால் அட்டையில் சுற்றிச் சரக்கில் போட்டுக் கொண்டுவந்தேன். இப்போது எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. ஒட்டடை அடிக்க அம்மா எடுத்துவிடுகிறாள், சண்டை நடக்கிறது.

எதிர்வீட்டு அத்தைக்கு இந்தக் கதையில் ஆரஞ்சுப் பழம் வருகிற இடம் மட்டும் பிடித்திருக்கிறது, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். முட்டி தேய்ந்தவர். "பஸ்ல போனாலும் கணக்குதானாம்மே?" என்று கேட்டார். கணக்குதான் அத்தை, பத்துப் பன்னிரண்டு நாளில் சுற்றிக் காட்டிவிடுவார்கள், அங்கே நிறையப் பேர் அப்படித்தான் என்றேன். மாட்டிறைச்சி போட்டுவிடுவார்களா, வெற்றிலை கிடைக்குமா, கோயிலுக்குப் படி எத்தனை என்று எல்லாம் விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயரா வீட்டுக்காரர் பெயரா என்பதில் இப்போது வந்து நிற்கிறார்.